வாவிக்கரையில் வேதவாசிப்பு

மட்டக்களப்பு நாட்டிலே கிறிஸ்தவம் வேரூன்றிய சரித்திரத்தை எழுதியோர் பெரும்பாலும் ஆலயங்களையும் பாதிரிமாரையும் பாடசாலைகளையும் பற்றியே விரித்து எழுதினார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும், பொழுதுபட்டு விளக்கேற்றியபின் வீட்டு விறாந்தையிலே பாயை விரித்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை உரக்க வாசித்து, வாசித்ததைத் தம் வயலுக்கும் வலைக்கும் கடனுக்கும் கலியாணத்துக்கும் பொருத்திப் பார்த்து வாழ்ந்த ஒரு வழக்கம் இந்த வாவிக்கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறதே, அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. பிரசங்க பீடத்திலிருந்து சொல்லப்பட்டதைக் காட்டிலும் அந்தப் பாயிலிருந்து கேட்கப்பட்டதே இந்நாட்டுக் கிறிஸ்தவரின் அன்றாட ஜீவியத்தை உருவாக்கியது என்பது என் அபிப்பிராயம். அவ்வளவோடு நில்லாமல், வசனம் கேட்டவரின் நடையை மாற்றியவாறே, கேட்டவரின் ஊர்வழக்கமும் வசனத்துக்கு வேறு தமிழர் ஊர்களில் எளிதில் வாய்க்காத ஒரு பொருத்தத்தைக் கொடுத்தது என்பதையும் இக்கட்டுரையில் காட்ட விரும்புகிறேன்.

வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையிலே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிடல் எழுவான்கரை. மேற்கே, வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்வது படுவான்கரை. வீடும் கோயிலும் பள்ளியும் நெருங்கியிருப்பது எழுவான்கரையில். நெல் விளைவது படுவான்கரையில். இரண்டுக்கும் நடுவே வாவியால் சூழப்பட்ட புளியந்தீவிலே 1628 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். பத்தாண்டு கழித்து ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். வாவியின் பாடுமீனைப் பற்றி வந்தவர் போனவரெல்லாம் எழுதிவிட்டபடியால், அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

ஒல்லாந்தர் காலத்துச் சீர்திருத்தச் சபை இங்கே ஆழமாகப் பதியவில்லை. கத்தோலிக்க விசுவாசம் கரையோரக் குடும்பங்களிலும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியரிடத்திலும் ஒருவாறு காப்பாற்றப்பட்டு நின்றது. வேதாகமத்தைக் கையிலெடுத்து வாசிக்கும் பழக்கம் என்று சொல்லத்தக்க ஒன்று தொடங்கியது 1814 ஆம் ஆண்டிலேதான். இங்கிலாந்திலிருந்து தோமஸ் கோக் என்னும் முதியவரின் தலைமையில் புறப்பட்ட வெஸ்லியன் மிஷனார் கூட்டம் நடுக்கடலிலே தன் தலைவரை இழந்தது. அவ்வாண்டு மே மாதம் 3 ஆந் தேதி கோக் இறந்துபட, மற்றையோர் ஜூன் மாத இறுதியில் இலங்கையின் தென்கரையை அடைந்து, யார் எந்த ஊருக்குப் போவது என்று தமக்குள்ளே பங்கிட்டுக்கொண்டபோது, மட்டக்களப்பு வில்லியம் ஓல்ட் என்பாருக்குக் கிடைத்தது. அதே பிரயாணத்தில் கப்பலிலேயே மனைவியையும் இழந்திருந்த அவர், துணையின்றித் தனியாக இவ்வூர் வந்து, தமிழ் கற்கத் தொடங்கி, பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தி, ஓராண்டும் நிறையாமுன் 1815 ஏப்ரல் முதலாந் தேதி நோயினால் மரணமானார். புளியந்தீவில் அவருக்குச் சிலை நிற்கிறது. அவர் தொடக்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1820 ஐத் தன் தொடக்கமாகக் கொள்ளும் வின்சன்ட் மகளிர் பாடசாலையும் அந்த மிஷனின் வழிவந்ததே. ஒருவர் ஒரு வருஷமும் இருக்கவில்லை, ஆனால் அவர் வைத்த பள்ளி இருநூறு வருஷத்தைக் கடந்துவிட்டது என்பதைப் பெருமையாகப் பேசுவார்கள். என் மனத்தைத் தொடுவது வேறொன்று: அவருக்குப் பிரசங்கம் செய்யத்தக்க அளவு தமிழ் கைவருவதற்கு அவகாசமே இருக்கவில்லை. ஆகவே முதலில் இங்கே நிலைகொண்டது வாசிப்பேயன்றிப் பிரசங்கமன்று.

அக்காலத்தில் அச்சுப் புத்தகம் அரிது. பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின் ஓலையில் எழுத்தாணி பிடித்தது. ஓலையில் எழுதப்படுவது நீண்ட வியாக்கியானமாக இருக்க முடியாது. சுருக்கமாகவும் மனனத்துக்கு ஏற்றதாகவும் இருக்கவேண்டும். சாலொமோனின் நீதிமொழிகளைப்போல அதற்கு வாய்ப்பானது வேறு யாது? ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனனஞ் செய்த பள்ளிப் பிள்ளைக்கு அவ்வடிவம் புதிதன்று. பின்பு யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரின் துணைகொண்டு, வேதாகமத்துக்குப் புதியதொரு தமிழ் அமைத்து, அது 1850 இல் சென்னையில் அச்சேறியது. அதன்பின் 1871 இல் வெளிவந்த பவர் ஐயரின் திருத்தமே சபைகளில் நிலைபெற்று எங்கள் பாட்டன்மாரின் செவியில் நிறைந்தது. பேர்சிவல் பாதிரியார் 1874 இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டவரும் ஆவார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். சாலொமோனைத் தமிழாக்கிய கையே ஊர்க்கிழவிகளின் வாய்மொழியையும் சேகரித்தது. சோம்பேறியையும் எறும்பையும், கோபக்காரனையும் மெதுவான பிரதியுத்தரத்தையும், அயலான் வீட்டுக்கு அடிக்கடி போகிறவனையும் பற்றி அந்தப் பழைய அரசன் சொன்னவற்றை இந்த ஊரார் அந்நிய உபதேசமாகக் கொள்ளவில்லை. ஏற்கெனவே தாம் சொல்லி வந்ததை வேறொருவரும் சொல்லியிருப்பதாகவே கொண்டார்கள்.

வாசிப்பை ஜீவியத்தோடு பிணைக்கும் உபாயம் ஒன்றையும் வெஸ்லியன் மிஷனார் தங்களோடு கொண்டுவந்தார்கள். 1742 இல் பிரிஸ்டல் நகரத்தில் ஜெபமண்டபம் ஒன்றின் கடனை அடைப்பதற்காக, விசுவாசிகளைப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி வீதம் சேகரிக்க ஒருவரை நியமித்தனர். காசு வாங்க வீடு வீடாகப் போனவர் அங்கங்கே நடந்த சண்டையையும் குடியையும் கண்ணாரக் கண்டுவந்து சொல்ல, இதுவே ஆத்தும விசாரணைக்கு ஏற்ற வழியென்று மெதடிஸ்த இயக்கத்தின் ஸ்தாபகர் ஜோன் வெஸ்லி தெரிந்துகொண்டார். கடன் வசூலிக்கப் பிறந்த ஏற்பாடு, வாரந்தோறும் ஒருவர் மற்றொருவரின் நடையை விசாரிக்கும் கூட்டமாயிற்று. வாவிக்கரையிலே, அயலாரின் அடுப்பில் என்ன வேகிறது என்பதுகூட மறைவாயிராத ஊர்களிலே, இத்தகைய விசாரணை எவ்வளவு இலேசாகப் புறங்கூறலாய் மாறிவிடக்கூடும் என்பதை வாசகர் ஊகிக்கலாம். ஆயினும் வேதவசனம் கோயிலுக்குரியது மாத்திரமன்று, சந்தைக்கும் வயலுக்கும் உரியது என்ற எண்ணத்தை ஊன்றியதும் அதுவே. அவ்வாறு கோயிலுக்கு வெளியே வசனத்தைக் கொண்டுபோனவர்களில் ஒருவரான, 1840களில் இங்கே ஊழியஞ் செய்த ரல்ஃப் ஸ்டொட், காட்டோரத்து வேடர் நடுவிலும் சென்று போதித்தவர்.

எங்கள் வீட்டிலே அம்மம்மா காலத்தில் நீதிமொழிகளைத் தேதிக் கணக்கிலே வாசித்தார்கள். அந்நூலில் அதிகாரங்கள் முப்பத்தொன்று. தேதிக்கு ஓர் அதிகாரம். முதலில் ஒரு கீர்த்தனை, பின் வாசிப்பு, பின் அம்மம்மாவின் ஜெபம். குணசாலியான ஸ்திரீயைப் பற்றிப் பேசும் கடைசி அதிகாரம் ஆண்டில் ஏழு நாளைக்கே வரும் என்பது சிறுவயதில் எனக்குப் பெரிய அநியாயமாகத் தோன்றிற்று, ஏனென்றால் அவ்வீட்டில் குணசாலியான ஸ்திரீகளுக்குக் குறைவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது பத்தொன்பதாந் தேதியைப் பற்றியது. அன்றைய அதிகாரத்தில், வீடும் ஆஸ்தியும் பிதாக்கள் வைத்துப்போகும் சுதந்தரம் என்ற கருத்தில் ஒரு வசனம் வருகிறது. அதை வாசிக்கும்போது எங்களில் எவரேனும் ஒரு பிள்ளை சிரித்துவிடும். ஏனெனில் நாங்கள் இருந்த வீடு எந்தப் பிதாவும் வைத்ததன்று. அது அம்மம்மாவின் தாய் அவருக்குக் கொடுத்தது, அம்மம்மா எங்கள் தாய்க்குக் கொடுத்தது.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது என்பதைப் பிற ஊரார் எளிதில் விளங்கிக்கொள்வதில்லை. கலியாணத்தின்போது மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதப்படும்; மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். அடுத்த மகளுக்குக் கலியாணமாகும்போது பெற்றோர் இன்னொரு வீட்டைக் கட்டி அதற்கு இடம் மாறுவர். இப்படி ஒவ்வொரு மகளாக வீடேறி, எஞ்சிய வீடு கடைசி மகளுக்காகும். குடி என்னும் வம்ச அடையாளமும் தாய்வழியே வருகிறது; இந்த ஒழுங்கு எங்கள் அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலும் உண்டு. இந்நாட்டு முக்குவர் சமூகத்தின் பழைய சட்டத்தின்படி ஒருவனுடைய முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, அவன் மகனுக்கன்றிச் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் அச்சட்டத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார். அவ்வாண்டின் 15 ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதை வழக்கொழியச் செய்தது. நியாயஸ்தலத்தில் முதுசொம் ஒழிந்தது. சீதன வீடு ஒழியவில்லை. கிறிஸ்தவரான குடும்பங்களும் ஞானஸ்நானத்தோடு மதத்தை மாற்றினார்களேயொழிய, மகளுக்கு வீடு எழுதுவதை மாற்றவில்லை.

இங்கேதான் வசனத்துக்கும் வழக்கத்துக்கும் நடந்த சம்பாஷணை ருசிகரமானது. கலியாண ஆராதனையில் தவறாது வாசிக்கப்படும் ஆதியாகமத்தின் பகுதியில், புருஷன் தன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்ற கற்பனை வருகிறதல்லவா? தமிழ்நாட்டிலும் ஏனைய தமிழர் ஊர்கள் பலவற்றிலும் கிறிஸ்தவர்கள் இதை வாசித்துவிட்டு, பெண்ணைத் தகப்பனையும் தாயையும் விட்டுப் பிரித்து, அழ அழ மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். வசனத்தில் புறப்படுகிறவன் ஆண். வழக்கத்தில் புறப்படுகிறவள் பெண். மட்டக்களப்பில் மாப்பிள்ளை வேதத்தில் எழுதியிருக்கிறபடி நடந்துகொள்கிறான். இதற்கு வேதமா காரணம்? இல்லை, வேதம் இங்கே வருவதற்கு நெடுங்காலம் முன்னிருந்தே அவன் அப்படித்தான் நடந்தான். மனிதன் புறப்பட்டுப் போகவேண்டும் என்பதை இங்குள்ள போதகர் விளக்கவேண்டியதில்லை. அவர் விளக்கவேண்டியது வேறு, அதாவது அப்படிப் புறப்பட்டு வந்தவனை மாமியார் எவ்வாறு நடத்தவேண்டும் என்பது.

பத்தொன்பதாந் தேதி வசனத்துக்கு அம்மம்மா கண்ட சமாதானம் வேதத்திலிருந்தே எடுக்கப்பட்டது. தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால் மோசேயின் முன் வந்து நின்று காணியில் பங்கு கேட்ட செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளையும், துன்பமெல்லாம் தீர்ந்தபின் தன் குமாரத்திகளுக்கும் அவர்கள் சகோதரரோடு சுதந்தரம் கொடுத்த யோபுவையும் அவர் எடுத்துக்காட்டுவார். பதினாலாந் தேதி அதிகாரம் புத்தியுள்ள ஸ்திரீ தன் வீட்டைக் கட்டுகிறாள் என்று தொடங்குவதையும் விடமாட்டார். அவ்வசனத்தை உவமையாகவன்றி நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் காசு எண்ணிக் கொடுத்தவர் அவரே. கற்றறிந்த வியாக்கியானி ஒருவர் இதைக் கேட்டால் வசனத்தை வசதிக்கேற்ப வளைத்ததாகச் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வசனத்தோடு தம் வழக்கம் முரண்படுகிறதென்று கண்டவர், புத்தகத்தை மூடிவிடாமல் அதற்குள்ளேயே மேலும் தேடினார் என்பதுதான் அங்கே நடந்தது.

வயலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ரூத்தின் சரித்திரத்தை நகரத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர் எவ்வளவோ விளக்கவேண்டியிருக்கிறது; படுவான்கரையில் அது அவசியமாயிருக்கவில்லை. சூடடித்த நெல்லைக் களவெட்டியில் குவித்துவிட்டு அதன் ஓரத்திலே வயற்சொந்தக்காரரான போடியார் இராமுழுதும் காவல் கிடப்பதும், வெட்டுக்காரர் பின்னே பெண்கள் கதிர் பொறுக்கிச் செல்வதும், நெல் வீட்டுக்குப் போகுமுன் ஊர்த்தொழில் செய்வோருக்குப் பங்களப்பதும் அங்குள்ள பிள்ளைகள் கண்ட காரியங்கள். களவெட்டியிலே நெல்லை நெல்லென்று சொல்லாமல் பொலி என்றே சொல்லும் அளவுக்கு அவ்விடத்தைப் புனிதமாகக் கருதிய ஜனங்களுக்கு, வயலோரத்தை முற்றாக அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடு என்ற லேவியராகமத்து நியாயப்பிரமாணம் எட்டாததன்று. 1835 இல் லண்டனில் வெளியான ஒரு பெரிய நூலிலே, இலங்கைத் தமிழரிடையே ஊழியஞ் செய்த ஜோசப் றொபர்ட்ஸ் பாதிரியார், வேதாகமத்தின் கடினமான இடங்களை இந்துக்களுடைய பழக்கவழக்கங்களைக் கொண்டே ஆங்கிலேயருக்கு விளக்கினார். வேதத்தைப் போதிக்க வந்தவர், அதை விளங்கிக்கொள்ள நம்மவர் முற்றத்துக்கு வரவேண்டியிருந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின், சிந்திய கதிரைப் பொறுக்கப் பின்னே செல்வோர் அருகிவிட்டார்கள்.

கத்தோலிக்கர் வீடுகளில் மாலைப்பொழுதின் சம்பிரதாயம் வேறு. அங்கே செபமாலையே பிரதானம். வேதத்தின் சரித்திரம் தபசுகாலத்து வியாகுலப் பிரசங்கத்தின் நீண்ட இராகத்திலே செவிக்கு வந்தது. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் பதினெட்டாம் நூற்றாண்டிலே, ஒல்லாந்தரின் தடைகளுக்கு நடுவில் இயற்றிய நூல் அது. வேதப் புத்தகமே வீடுகளில் புகுந்து நிலைத்தது 1960களில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்பு. கத்தோலிக்க வேதாகமத்திலுள்ள சீராக்கின் ஞானநூலிலே தச்சனையும் கொல்லனையும் குயவனையும் புகழும் ஒரு பகுதி இருக்கிறது. அவர்கள் சபையில் உயர்ந்த ஆசனத்தில் இருக்கமாட்டார்கள், ஆனால் அவர்களின்றி நகரம் குடியேறாது, அவர்கள் தொழிலே அவர்கள் ஜெபம் என்பது அதன் சாரம். மட்டக்களப்புப் பறங்கியரை அறிந்த எவருக்கும் அதை வாசிக்கும்போது அவர்கள் நினைவு வராமலிராது. முந்நூறு வருஷத்துக்கு மேலாகப் போர்த்துக்கேயக் கிளைமொழியொன்றை வீட்டிலே பேசிவந்த அம்மக்கள் தச்சுவேலையிலும் இரும்புவேலையிலும் துவக்குத் திருத்துவதிலும் பேர்போனவர்கள். இவ்வூரின் பழைய அலமாரியும் கட்டிலும் கதவும் பல அவர்கள் கைவேலை.

கன்மலையின்மேல் கட்டிய வீட்டையும் மணலின்மேல் கட்டிய வீட்டையும் பற்றிய உவமையை எழுவான்கரையில் பிரசங்கிப்பவரைக் கண்டால் எனக்கு அனுதாபம் உண்டாகும். கேட்டிருப்போர் எல்லாரும் மணலிலேதான் வீடு கட்டியிருக்கிறார்கள். கன்மலை வேண்டுமானால் வாவியைத் தாண்டிக் குடும்பிமலைப் பக்கம் போகவேண்டும். 1978 நவம்பர் 23 ஆந் தேதி இரவு வீசிய சூறாவளியில் தென்னைகள் முறிந்து, ஓலை வீடும் ஓட்டு வீடும் ஒருங்கே சரிந்தன. 2004 டிசம்பர் 26 ஆந் தேதி, நத்தாருக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் எழும்பி நாவலடியையும் கல்லடிக் கரையையும் வாரிக்கொண்டு போயிற்று. அவ்வுவமையை மத்தேயு சொன்னபடி கேட்டால் மணலில் கட்டியவன் புத்தியில்லாதவன், காரியம் முடிந்தது. லூக்கா சொல்வதிலோ ஒரு சிறு வேற்றுமை இருக்கிறது: நல்ல வீடு கட்டினவன் ஆழமாய்த் தோண்டினான். அலையில் வீடிழந்தபின் கூட்டங்களில் லூக்காவையே எடுத்து வாசித்த போதகர்களை நான் அறிவேன். மணலிலிருந்து அகல முடியாதவனுக்குத் தோண்டுவது ஒன்றாவது கைவசமிருக்கிறது.

பாடசாலையின் பங்கு 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தளர்ந்தது. அரசாங்கம் உதவிபெறும் மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபின், காலைதோறும் வேதபாடத்தோடு தொடங்கிய வகுப்பு மறைந்து, அப்பொறுப்பு வீட்டின்மேலும் ஞாயிறு பாடசாலையின்மேலும் விழுந்தது. அந்த மாற்றத்தை மதவிரோதமாக மட்டும் எண்ணிப் புலம்புவோரோடு நான் சேரமாட்டேன். மிஷன் பாடசாலையில் பயின்ற சைவப் பிள்ளைகளுக்கு அங்கே நேர்ந்த சங்கடங்கள் பொய்யல்ல; கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் 1873 இல் எழுந்த புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்ற காரைதீவு மயில்வாகனனார், பின்னாளில் விபுலானந்த அடிகளாகித் திரும்பி, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியது அச்சங்கடத்துக்கு ஒரு சிறந்த மறுமொழி. பள்ளியிலே பரீட்சைக்காக மனனஞ் செய்த வசனத்தைவிட, வீட்டிலே விரும்பி வாசித்தது ஆழமாகப் பதிந்தது என்பதும் என் எண்ணம்.

நீதிமொழிகள் இவ்வூரில் இலகுவாக வேரூன்றின என்றேன். மலைப்பிரசங்கம் அப்படியல்ல. சத்துருவை நேசி என்பதற்கு ஒத்த பழமொழி எதுவும் எங்கள் கிழவிகளிடத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. உள்நாட்டு யுத்த காலத்தில் அக்கற்பனை எவ்வளவு பாரமானதென்று வாவிக்கரை கண்டது. பிரஜைகள் குழுவுக்குத் தலைமை தாங்கிய சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6 ஆந் தேதி புளியந்தீவு மரியாள் ஆலயத்துக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அமெரிக்க இயேசு சபையினரான யூஜீன் ஹேபெர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 ஆந் தேதி வாழைச்சேனைப் பக்கமிருந்து புறப்பட்டவர் திரும்பவேயில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது மாண்டவர்களில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற சிறுபிள்ளைகள் பலர். அதன்பின் அச்சபையின் தலைமைப் போதகர், மனம் புண்பட்டிருக்கிறது, கோபமும் இருக்கிறது, ஆயினும் அதைச் செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று உலகறியச் சொன்னார். பிள்ளையைப் புதைத்த தாயின் சார்பில் மற்றொருவர் மன்னிப்புக் கூறலாமா என்ற கேள்வி என்னிடம் இருக்கிறது. அப்படிக் கேட்பதும் விசுவாசத்துக்குப் புறம்பானதன்று என்று நினைக்கிறேன். ஆனால் கோபத்தையும் மறைக்காமல் அவர் சேர்த்தே சொன்னாரே, அதை நான் மதிக்கிறேன்.

இனி, அன்றாட ஜீவியத்தில் இந்த வாசிப்பு மிகவும் அடிக்கடி உரசிப்பார்க்கப்பட்ட இடம் கடன். பிணை நிற்காதே என்று நீதிமொழிகள் சொல்வது ஒருமுறையன்று. ஆறாம் அதிகாரத்தில், பதினோராம் அதிகாரத்தில், பதினேழில், இருபதில், இருபத்திரண்டில் என்று திரும்பத் திரும்ப வருகிறது. மாதத்தில் ஐந்து மாலையாவது அது செவியில் விழும். படுவான்கரையிலே விதைநெல்லுக்கும் வெட்டுக்கூலிக்கும் கடன் வாங்காமல் வேளாண்மை செய்தவர் குறைவு. கடன் கொடுப்பவர் ஆள்பிணை கேட்பார். கேட்டு வருபவனோ மச்சான், அல்லது ஒரே குடிக்காரன். மறுத்தால் உறவு போகும், ஒப்பினால் காணி போகும். சாலொமோனுக்கு எதிராகப் பேச விரும்பிய ஆண்கள் பவுலைத் துணைக்கழைப்பார்கள்: ஓடிப்போன ஒநேசிமுவுக்காக, அவன் பட்ட கடனை என் கணக்கில் எழுதிக்கொள் என்று பிலேமோனுக்குத் தம் கையாலேயே அவர் எழுதிக் கொடுக்கவில்லையா? எங்கள் அப்பா ஒருமுறை இந்த நியாயத்தைச் சொல்லப்போக, அம்மம்மா பாயிலிருந்து எழும்பாமலே, "மகன், பவுல் கையெழுத்து வச்சது தன்ர காசுக்கு. இந்த வளவு உங்கட பேரில இல்ல, நீங்க வச்சாலும் செல்லாது" என்றார்.

அந்த மறுமொழியில் பரிகாசம் இருந்தாலும் உண்மையும் இருந்தது. உறுதி பெண்ணின் பெயரில் இருந்தபடியால், ஆண் எங்கே போய் எவருக்குப் பிணை நின்றாலும் பிள்ளைகளின் தலைக்குமேல் இருந்த கூரையைக் கடன்காரன் எளிதில் தொட முடியவில்லை. சாலொமோன் எச்சரித்த ஆபத்துக்குத் தாய்வழிச் சீதனம் ஒரு காப்பாக நின்றது. உறவினருக்கு உதவவேண்டி வந்தால் கையிலுள்ளதைக் கொடுத்துவிட்டுத் திருப்பி எதிர்பாராமல் இருப்பது, கையெழுத்து மட்டும் கொடுப்பதில்லை என்பது அம்மம்மா வகுத்த ஒழுங்கு. யுத்தம் முடிந்தபின் நுண்கடன் கம்பெனிகள் ஊருக்குள் வந்தபோது அவை ஆண்களைத் தேடவில்லை. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்று ஒருவருக்கொருவர் பிணையாக்கி, வாரந்தோறும் தவணை வாங்கின. சாலொமோன் திரும்பத் திரும்பச் சொன்ன காரியம் இம்முறை மச்சானுடைய வாய் வழியாக வராமல், சக விசுவாசியான அயல்வீட்டு அக்காவின் வாய் வழியாக வந்தது. மறுப்பது முன்னிலும் கடினமாயிற்று. கூரையைக் காத்து நின்ற அந்தப் பெயரே இப்போது கடன் பத்திரத்திலும் எழுதப்படுகிறது. வாரத்தில் ஒருநாள் ஜெபக்கூட்டத்துக்குக் கூடும் பெண்களும், தவணை வசூலிக்கும் நாளில் முற்றத்தில் கூடும் பெண்களும் சில தெருக்களில் அநேகமாக ஒரே ஆட்கள். அங்கே தேதிக் கணக்கில் ஆறாம் அதிகாரம் வாசிக்கப்படும்போது, கேட்பவர்களில் எத்தனை பேர் எத்தனை பேருக்குக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்பது வாசிக்கிறவளுக்குத் தெரியும்.